ஆளுக்கு ஒன்று

பிரிந்து பல மாதங்கள் கழித்து, கணவன் அவள் வாசலில் வந்து நின்றான். கையில் ஹார்ட் டிஸ்க். பிரியும்போது, குழந்தையின் வீடியோக்கள் இரண்டிலும் இருக்கும் என்று நம்பி, கம்ப்யூட்டரிலிருந்த இரண்டு டிஸ்க்குகளையும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இதுல ஒண்ணுமே வரல. நீதான் அழிச்சிட்டுக் கொடுத்தேன்னு உன்னைத் திட்டாத நாளில்ல.”

“இன்னிக்கு மட்டும் என்ன ஞானோதயம்?”

“கடைக்காரர்கிட்ட காட்டினேன். நமக்கு மாட்டிக் கொடுத்தப்பவே ரெண்டையும் ஒண்ணா இணைச்சிட்டாராம். ஒவ்வொரு வீடியோவும் பாதி இதுல, பாதி அதுல. தனியாப் போட்டா காலின்னுதான் காட்டுமாம். உன்னோடதை ஒரு நாள் குடு. பாப்பா தவழ்ந்தது, நடந்தது எல்லாம் உனக்கும் காப்பி போட்டுத் தர்றேன். உன்னைத் தப்பா நெனச்சிட்டேன், மன்னிச்சிடு.”



பிரிந்து வந்த புதிதில் அவளுடைய டிஸ்க்கும் காலி என்றுதான் காட்டியிருந்தது. பழுதோ என்று சந்தேகப்பட்டு, டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் மென்பொருளைப் போட்டுப் பார்த்திருந்தாள். ‘நல்ல நிலை’ என்றது. நல்ல டிஸ்க் காலியாக இருந்தால், அழித்தது வேறு யார்?

“நானும் உன்னை அப்படித்தான் நெனச்சேன்” என்றாள். “போன வாரம்தான் அதை ஃபார்மட் பண்ணி, ஆபீஸ் ஃபைலெல்லாம் ஏத்தினேன்.”