தப்பே செய்யாத மெஷின்

"கண்ணப் பாரு, செவசெவன்னு. காலங்காத்தால ஊத்தியாச்சாடா?"

வேன் டிரைவர் வெள்ளியங்கிரி தலையைக் குனிந்துகொண்டான். வால்பாறையிலிருந்து ரத்த மாதிரிகளோடு மலையிறங்கி வந்திருந்தான். "தூக்கமில்லீங்க சார். குடிய உட்டு ரெண்டு வருசமாச்சுங்க."

"உன்ற வாய் சொல்ல வேண்டாம். மெஷின் சொல்லட்டும்."

ஆர்.எஸ்.புரத்தில் லேப் நடத்தும் சாய்குமாருக்கு டிரைவர் என்றாலே குடிகாரன்தான். கிளப்பில் தினமும் அவர் குடிப்பது வேறு. அது பெரிய மனிதர்களின் பழக்கமாம்.

அன்று ஊழியர் எல்லோருக்கும் ஈரல் பரிசோதனை. ஒப்புக்கு அவரும் ரத்தம் கொடுத்திருந்தார். புது மெஷினின் நீளமான தடத்தில், ஆளுக்கொரு குட்டி வண்டியில் குழாய்கள் நகர்ந்துகொண்டிருந்தன.

"பாய், இது எப்படி வழி கண்டுபிடிக்குதுன்னு இந்த மரமண்டைக்குச் சொல்லுங்க."

சீனியர் டெக்னீஷியன் ஜபருல்லா சொன்னார்: "உள்ள போறப்ப டியூப் லேபிளப் படிச்சு, வண்டியில இருக்கற சிப்புல பேர ஏத்திப்போடுமுங்க. அப்புறம் டெஸ்ட் முடியற வரைக்கும் திருப்பத்துக்குத் திருப்பம் வண்டியத்தான் பார்க்குமுங்க."

வெள்ளியங்கிரியின் குழாயும் சாய்குமாரின் குழாயும் அடுத்தடுத்து வந்து ஒரு திருப்பத்தில் நின்றன. சாய்குமார் இரண்டையும் வெடுக்கென்று எடுத்து வெளிச்சத்தில் ஆட்டினார். "பாருடா. இது ரத்தம், அது சாராயம்."

"சார், கையில எடுக்காதீங்க..."

"நான் வாங்கின மெஷின், பாய். உங்க வேலையப் பாருங்க." இரண்டையும் வண்டிகளில் செருகிவிட்டு நகர்ந்தார்.

சற்று நேரத்தில் திரையில் முடிவுகள் வந்தன. சாய்குமாருக்கு எல்லாம் சீராக இருந்தது. வெள்ளியங்கிரியின் பெயருக்கு நேரே அத்தனை எண்களும் சிவப்பு. சாய்குமாருக்கு அப்படியொரு சந்தோஷம்.

"உட்டு ரெண்டு வருசமாச்சாம்! இந்த ஈரல வெச்சுக்கிட்டு இவன் தீபாவளி பார்க்க மாட்டான். வேன் சாவிய வெச்சுட்டுக் கெளம்புடா."

"சார், புள்ளைய இந்த வருசந்தானுங்க காலேஜுல சேர்த்திருக்கேன்..."

"குடிக்கறப்ப புள்ள ஞாபகம் வரலியா?"

வெள்ளியங்கிரி சாவியை மேசையில் வைத்தான். கையெடுத்துக் கும்பிட்டான். சாய்குமார் அதற்கும் சிரித்தார்.

சோதனை முடிந்த குழாய்களை அடுக்கி வைக்குமுன் லேபிளை மறுபடி படிக்கும் இடம் தடத்தின் கடைசியில் இருக்கிறது. அங்கே மெஷின் நின்று அலறியது. ஜபருல்லா போய்க் குனிந்து, இரண்டு குழாய்களின் லேபிளையும் நிதானமாகப் படித்தார். திரும்பி வந்து, மேசையிலிருந்த சாவியை எடுத்து வெள்ளியங்கிரியின் கையிலேயே கொடுத்தார்.

"என்ன பாய், நக்கலா? சாகப் போற குடிகாரனுக்கு எதுக்குச் சாவி?"

"அது உங்க ஈரலுங்க சார்."