பன்னிரண்டாவது டேப்

பழக் கிடங்கில் பதினோரு குளிர் அறைகள். அவற்றின் வெப்ப அளவெல்லாம் கண்காணிப்புத் திரையில் ஒரே பட்டியலாகக் குவிந்து கிடந்தது. அறைக்கு ஒரு டேப், அதாவது திரையில் ஒரு தனிப் பக்கம், என்று அதைப் பிரித்து வைக்கும் வேலை தங்கையிடம் வந்தது. அறைகளில் வெப்ப மீட்டர்களைப் பொருத்தியவள் அவளுடைய அக்கா. போன வருஷம் நோயில் இறந்துபோனாள். அன்றிலிருந்து அக்காவின் இடத்தில் தங்கைதான் உட்கார்ந்திருக்கிறாள்.

மதியத்துக்குள் பதினோரு டேப்களும் தயாராகிவிட்டன. எல்லாவற்றிலும் நான்கு டிகிரி. ஆனால் எந்த அறையிலும் சேராமல் ஓர் எண் மிச்சமிருந்தது. முப்பத்தேழு டிகிரி. பழைய பதிவுகளைப் புரட்டினாள். ஒரு வருஷமாக அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"குளிர் அறையில மனுஷ உடம்புச் சூடா? பழுதான மீட்டரா இருக்கும், தூக்கிடும்மா," என்றார் மேலாளர்.

தூக்குவதற்கு முன் தேடிப் பார்க்கலாம் என்று எலக்ட்ரீஷியனை அனுப்பினாள். அவர் சிக்னல் பிடிக்கும் கருவியோடு கிடங்கு முழுக்கச் சுற்றிவிட்டு அவளிடமே வந்து நின்றார்.

"உன் நாற்காலிக்குப் பின்னாடிதான்மா சிக்னல் பலமா இருக்கு. ஆனா இங்க ஒண்ணுமே இல்லையே!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டாவதாக ஒரு டேப் திறந்து, 'அக்கா' என்று தட்டி, அந்த எண்ணை அதில் வைத்தாள்.

"அண்ணே, இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போடுங்க," என்றாள். "ஒரு வருஷமா நின்னுக்கிட்டே இருக்கா. கால் வலிக்காதா?"