பேர் வெட்டிய டம்ளர்

கெங்கம்மாள் தண்ணீர் டம்ளரோடு எழுந்து வந்தபோது, பால்வாடியில் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்னிகாவுக்கு அது கடைசிக் கூட்டம். மறுநாள் ஃப்ளைட்.

ஸ்வீடன்காரப் பெண், இருபத்திரண்டு வயது. எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு மூன்று மாத இன்டர்ன்ஷிப் வந்திருந்தாள். கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள மகளிர் குழுக்களுக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதி, தன் ஊரில் உதவி கேட்பது அவள் வேலை.

அவள் கேட்பதைத் தமிழிலும் இவர்கள் சொல்வதை இங்கிலீஷிலும் சொல்வது என் வேலை.

இந்த ஊருக்கு முதலில் என்ன வேண்டும் என்று கேட்டாள். அதைத் தமிழில் கேட்டேன்.

"சுமா, இத்த அந்தப் பொண்ணாண்ட காட்டு. பின்னாடி கம்பெனி வந்ததுலேர்ந்து பம்புல இந்தத் தண்ணிதான் வருது, புள்ளைங்க வவுத்துவலியில துடிக்குதுன்னு சொல்லு" என்றாள் கெங்கம்மாள்.

பழைய பாட்டிலில் பிடித்து வந்திருந்தால் மஞ்சள் நிறம் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

ஆனால் விருந்தாளி கையில் அழுக்கு பாட்டிலைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கல்யாணத்துக்கு வந்த, பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரைத் தேய்த்துக் கழுவி, தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அந்தப் பளபளப்பில் எந்த நிறமும் தெரியவில்லை.

அன்னிகா என் முகத்தைப் பார்த்தாள்.

என் கணவர் வெங்கடேசன் அந்தக் கம்பெனியில் ஆறு வருஷமாக கான்ட்ராக்ட். வேலை நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் அந்த மாதம்தான் வரவிருந்தது. வெள்ளைக்காரப் பெண்ணோடு சுற்றுகிறவள் யார் பெண்டாட்டி என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

உங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் தருகிறார்கள் என்றேன்.

குழுவுக்குத் தையல் மெஷின் வேண்டுமாம் என்றும் சொன்னேன். முதல் பொய் தனியாக நிற்காது என்று பயம்.

மூன்று மாதமும் தன் பாட்டில் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடாதவள் அவள். குடிக்க மாட்டாள், சிரித்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் இரண்டு கையாலும் டம்ளரை எடுத்தாள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றுவரை அதுதான் என்னை அரிக்கிறது.

பாதியில் அவள் முகம் சுருங்கியது. நிறுத்தவில்லை. முழுவதும் குடித்துவிட்டு, ஒவ்வொரு வீட்டுச் சாப்பாட்டுக்கும் சொல்லும்படி நான் கற்றுக்கொடுத்திருந்த தமிழைச் சொன்னாள்.

"ரொம்ப நல்லா இருக்கு."

கெங்கம்மாள் காலி டம்ளரை வாங்கி முந்தானையால் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

எட்டுத் தையல் மெஷின் வந்தது. பட்டியலில் வெங்கடேசன் பெயரும் வந்தது. எங்கள் வீட்டில் கேன் தண்ணீர் போட ஆரம்பித்தோம்.

அடுத்த வருஷம் கெங்கம்மாள் தண்ணீருக்காக மனு கொடுத்தாள். விசாரிக்க வந்த அதிகாரியைக் கம்பெனி ஆள் பம்புக்குக் கூட்டிப்போகவில்லை. நேராகப் பால்வாடிக்குக் கூட்டிவந்தார்.

சுவரில் அன்னிகா தபாலில் அனுப்பியிருந்த போட்டோ, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. டம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்கும் வெள்ளைக்காரப் பெண். சுற்றிலும் ஊர்ப் பெண்கள்.

வெளிநாட்டுக்காரியே குடித்திருக்கிறாள், உங்களுக்கென்ன என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

கெங்கம்மாளுக்கு அன்னிகாமேல் கோபமே இல்லை. படத்தின் தூசியைத் தட்டிவிட்டு என்னிடம் சொன்னாள்.

"நீ எல்லாத்தியும் சொல்லியும் குடிச்சிதே, சுமா. தெரிஞ்சே குடிச்சிது."

நான் சாய்ந்திருந்த படத்தை நேராக்கி வைத்தேன்.

அந்தப் படத்தில் குழுப் பெண்கள் இருபது பேரும் இருக்கிறார்கள். நான் மட்டும் இல்லை.

குடிப்பதற்கு முன் அன்னிகா தன் கேமராவை என் கையில்தான் கொடுத்தாள்.