பேசும் குப்பைத் தொட்டி

மணலியில் உள்ள அந்தப் பெயிண்ட் கம்பெனியின் கேன்டீனில் பேசும் குப்பைத் தொட்டி வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மூடியைத் திறந்தாலே, "கண்ணாடியைத் தனியாகப் போடுங்கள்" என்று ஒரு பெண் குரல் கெஞ்சும்.

யாரும் கேட்கவில்லை, ஒப்பந்தத் தொழிலாளி ஜெயவேலைத் தவிர. அடுத்தவர் உடைத்த டீ கிளாஸைக்கூட அவர் பேப்பரில் சுற்றித் தனியாகப் போடுவார்.

"இன்னா மாமு, ஒரு பொட்டிக்கு இம்மாம் பயப்படுறே?" என்று கூட வேலை செய்யும் வல்லரசு சிரித்தான். ஜெயவேல் அடுத்த கிளாஸ் துண்டை எடுத்துப் பேப்பரில் சுற்றினார்.

தொட்டியைச் செய்து கொடுத்த நிறுவனத்திலிருந்து மகிழினி கருத்துக் கேட்க வந்தாள்.

"நீங்க ஒருத்தர்தாண்ணே இதை ஏத்துக்கிட்டிருக்கீங்க. எது உங்களை மாத்துச்சு? அந்தக் குரலா?"

"இல்லம்மா. நம்ம கம்பெனி லாரி குப்பை கொட்ற மேட்டுலதான் என் சம்சாரம், பவுனுன்னு பேரு, பாட்டில் பொறுக்கிகினு இருந்தா. 'கிளாஸை சுத்திப் போடுங்கய்யா, கையைக் கிழிக்குது'ன்னு தெனம் சொல்லுவா. வேலை அவசரத்துல நான் அப்படியேதான் போடுவேன்."

மகிழினி எழுதுவதை நிறுத்தினாள். "இப்ப அவங்க எப்படி இருக்காங்க?"

"கிழிச்ச எடம் சீழ் புடிச்சு, ஒடம்பு பூரா பரவிடுச்சு. ஆடி மாசம் மூலக்கொத்தளத்துல பொதைச்சிட்டு வந்தேன். மறுவாரம்தான் உங்க பொட்டி வந்துச்சு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொண்டாட்டி சொன்னப்பவே கேட்டிருக்கணும்மா."