புது கேஜ்

“அதைத் தொடாத கொளஞ்சி. அது புது கேஜு. நான்தான் புடிப்பேன்.”

மேஸ்திரி காத்தவராயனின் குரல் கேட்டு கோவிந்தராசு செக்கிங் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

சூளையிலிருந்து இறக்கிய பீங்கான் இன்சுலேட்டர்கள் மேசை முழுக்கக் குவிந்து கிடந்தன. காத்தவராயனின் இடது கையில் ஒரு இன்சுலேட்டர். வலது கையில் ஒரு சாண் நீளத்துக்குப் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன் முனையில் சின்னதாக ஒரு கைப் பம்பு.

அது அளவு பார்க்கிற கேஜ் இல்லை. கோவிந்தராசுவுக்குச் சென்னையிலிருந்து வரவேண்டிய பார்சல்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அந்தக் கம்பெனிக்கு அவர் சூப்பர்வைசர். வயது ஐம்பத்தாறு. எட்டு மாதத்துக்கு முன் புதுச்சேரியில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். கம்பெனியில் கிட்னிக் கல் என்று சொல்லி வைத்திருந்தார். நோய் போய்விட்டது. கூடவே இன்னொன்றும் போய்விட்டது. அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலில் படுக்க ஆரம்பித்தார்.

மனைவி செல்வநாயகி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரை இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்து, தானே வாயைத் திறந்து கேட்டாள். நரம்பு தேற ஒன்றிரண்டு வருடம் ஆகலாம், அதுவரை உதவ ஒரு பம்பும், மாட்டிக்கொள்ள ரப்பர் வளையமும் இருக்கின்றன என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். கோவிந்தராசு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வநாயகி இன்னொரு முறை படம் போடச் சொன்னாள்.

வீட்டில் மகனும் மருமகளும் இருக்கிறார்களே என்று கம்பெனி விலாசத்தைக் கொடுத்ததுதான் வினை.

“இது எப்புடி இங்க வந்துச்சு?” என்றார், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

“காலையில கூரியர்ல வந்துச்சுண்ணே. உங்க பேருதான் போட்டிருந்துச்சு. எல்லா சாம்பிளும் உங்க பேருக்குத்தான வருதுன்னு கொளஞ்சி பிரிச்சிட்டா. நல்ல வேளை, நான் பாத்தேன். கேஜு.”

“எனக்கு என்னமோ சைக்கிள் பம்பு மாதிரிதான் இருக்குது,” என்றாள் கொளஞ்சியம்மாள். “கேஜுன்னா உள்ள வுட்டுத்தான பாக்கணும்? மேஸ்திரி காலையிலேர்ந்து பக்கத்துல வச்சு வச்சுப் பாக்கறாரு.”

“இது பார்வை கேஜு. உள்ள வுட்டா கீறல் வுழும்.” காத்தவராயன் ஒரு கண்ணை மூடி, குழாயையும் இன்சுலேட்டரையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தார். “இது ஒல்லி. தேறாது. செகண்ட்ஸ்ல போடு.”

கறாரான ஆள். மூன்று வருடத்துக்கு முன் ஹெர்னியா ஆபரேஷன் என்று ஒன்றரை மாதமும், மறுபடி அதே ஹெர்னியா என்று ஒரு வாரமும் லீவு போட்டதைத் தவிர, அந்த மேசையை விட்டு அவர் நகர்ந்ததே கிடையாது.

கோவிந்தராசுவின் செல்போன் அடித்தது. களிமண் குவியலுக்குப் பின்னால் போய் எடுத்தார்.

“ஏங்க, வந்துடுச்சா?” என்றாள் செல்வநாயகி.

“வந்துடுச்சு. காத்தவராயன் அதை வச்சு இன்சுலேட்டர் அளந்துகிட்டு இருக்கான்.”

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. நிற்க வெகுநேரம் ஆனது.

“எத்தினி தேறுச்சாம்?”

“சிரிக்காத செல்வா.”

“சரி, சிரிக்கல. புள்ளைங்க ரெண்டும் நல்லூர் கல்யாணத்துக்குக் கிளம்பிடுச்சிங்க. நாளைக்குத்தான் வரும். இன்னைக்கு வுட்டா நமக்கு வேற நாளு இல்ல. எப்புடியாச்சும் வாங்கியாந்துடுங்க.”

“வேணாம். கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. மானம் போயிடும்.”

“அப்ப வெறுங்கையோட வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா மறுபடி ஹால்ல பாயை விரிச்சீங்கன்னா, காலையில நானே அங்க வந்து ‘எங்க வூட்டு சாமானைக் குடுங்க’ன்னு கேப்பேன்.”

கேட்கக் கூடியவள்தான். கோவிந்தராசு நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினார்.

“காத்தவராயா, அது தப்பா வந்த சாம்பிளு. திருப்பி அனுப்பணும். குடு.”

கொளஞ்சியம்மாள் நிமிர்ந்தாள். “தப்பா வந்ததா? அப்ப காலையிலேர்ந்து செகண்ட்ஸ்ல போட்டதெல்லாம் இன்னா கணக்கு? அது எதை அளக்கற கேஜுங்க சார்?”

மேசையைச் சுற்றியிருந்த ஆறு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். கோவிந்தராசு அண்ணாந்தார். டாக்டர் அறையில் இருந்ததுபோல இங்கேயும் பார்ப்பதற்கு ஒரு மின்விசிறி இருந்தது.

“வேற கம்பெனி சைஸு,” என்றார் காத்தவராயன் நிதானமாக. “அங்க போக வேண்டியது இங்க வந்துடுச்சு. எனக்கே இப்பத்தான் புரியுது. நம்ம பழைய கேஜை எடு. எல்லாத்தையும் திரும்பப் பாரு.”

“முந்நூறையுமா?”

“முந்நூறையும்.”

பெண்கள் முனகிக்கொண்டே குனிந்தார்கள். அதன் பிறகு யாருக்கும் கேள்வி கேட்க நேரமில்லை.

காத்தவராயன் பம்பை ஒரே திருகில் கழற்றினார். குழாயைச் சுத்தமான துணியால் துடைத்தார். கூட வந்திருந்த ரப்பர் வளையங்களைப் பையில் போட்டு, எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டினார். தானே தூக்கிக்கொண்டு வந்து, கோவிந்தராசுவின் மொபெட் கேரியரில் வைத்துக் கட்டினார்.

“சரி, நான் போய் கூரியர்ல போட்டுட்டு அப்புடியே வூட்டுக்குப் போயிடறேன்,” என்றார் கோவிந்தராசு, அவர் முகத்தைப் பார்க்காமல்.

காத்தவராயன் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, குனிந்து அவர் காதோரம் சொன்னார்.

“ரப்பர் வளையத்தை மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல வுட்டு வைக்காதீங்கண்ணே. அதுக்குத்தான் நான் அந்த ஒரு வாரம் லீவு.”