பழைய ஹார்னின் ஒரு சுரம்

பிரெஞ்சு ஹார்ன் என்ற ஊதும் வாத்தியத்தில் மேதையான எட்மோன் பக்கத்திலேயே நின்று யோசனை சொல்ல, பட்டறையில் புது ஹார்ன் உருவானது. அவர் வாசித்தபோது ஒரு சுரம் மட்டும் இறங்கி ஒலித்தது.

“அந்தச் சுரம் வந்தாலே, என் அகன்ற வாய்க்குள் வைத்திருக்கும் கையை ஏன் இன்னும் உள்ளே தள்ளுகிறார்?” என்று புது ஹார்ன் அவருடைய பழைய ஹார்னிடம் கேட்டது.

“எனக்கு அது கொஞ்சம் தூக்கலாக வரும். உள்ளே தள்ளி அதை இறக்கி இறக்கியே கை பழகிவிட்டது.”

எட்மோனோ புது ஹார்னைத்தான் குறைசொன்னார். பட்டறைக்காரர் அந்தச் சுரத்துக்கான குழாயைச் சற்று அறுத்துக் குட்டையாக்கிச் சுரத்தை ஏற்றியதும் எட்மோன் முகம் மலர்ந்தார்.

அதே அளவில், எட்மோன் பெயர் பொறித்த ஹார்ன்கள் ஊர் ஊராகப் போயின. வாங்கியவர்கள் எல்லோரும் அந்தச் சுரம் வரும்போது கையை உள்ளே தள்ளக் கற்றுக்கொண்டார்கள்.

புது ஹார்னுக்கு இன்னும் ஒரு சந்தேகம். “உனக்கு ஏன் அது தூக்கலாக வந்தது?”

“கச்சேரிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒருநாள் என்னைக் கீழே போட்டு அந்தக் குழாயை நசுக்கிவிட்டார்.”