இறங்காதேடி

குளியலறைக்குள் சண்டை மூண்டுவிட்டது.

நான் சமையலறையிலிருந்து ஓடினேன், கையில் கரண்டியோடு. அடுப்பை அணைத்தேனா என்பதுகூட நினைவில்லை.

அவர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். கூடத்துக் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதி முகத்து நுரையோடு ஓடி வந்திருக்கிறார். லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர். மூடின கதவுக்குப் பின்னால் யாராவது கத்தினால் போதும், காப்பாற்றக் கிளம்பிவிடுவார்.

பனியனைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

"உள்ள போகாதீங்க. மூச்சு விடாம பாருங்க."

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. இருவரும் தலையை நீட்டினோம். அவருடைய நுரை என் காதில் அப்பிக்கொண்டது.

வாஷ்பேசினுக்கு முன்னால் ஒரு மஞ்சள் ஸ்டூல். அதில் ஏறி நின்றால்தான் பிள்ளைகளுக்குக் கண்ணாடியில் முகம் தெரியும். காலை நேரத்தில் எங்கள் வீட்டுச் சிம்மாசனம் அதுதான்.

வழக்கமாகப் பெரியவன் வந்து நகரச் சொல்வான். சின்னவள் உடனே இறங்கிவிடுவாள். முகம்கூடச் சுளிக்க மாட்டாள். பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு, அவன் பல் தேய்த்து, கண்ணாடியில் பத்து விதமாக இளித்துப் பார்த்து முடிக்கும்வரை சுவரோரம் நின்றுகொண்டிருப்பாள்.

என்ன சமத்து, என்ன சமத்து என்று எல்லோருக்கும் வாய் ஓயாது. தண்ணீர் குடிப்பதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் குடிப்பாள். தட்டில் போட்டதை மிச்சம் வைக்க மாட்டாள், இன்னும் வேண்டும் என்றும் சொல்ல மாட்டாள். ஓடி விழுந்து முழங்கால் சிராய்த்தால், எழுந்து நின்று எங்களிடம் ஸாரி சொல்வாள்.

எதிர் ஃபிளாட்காரிக்கு அவளைப் பார்த்தால் பொறாமை. எனக்கோ கவலை. நாலு வயதுக்கு இவ்வளவு சமத்து ஆகாது.

இன்று பெரியவன் கத்திக் கத்தி நகரச் சொன்னான். அவள் நகரவில்லை.

பிரஷ்ஷை வாயில் வைத்தபடி கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். காது கேட்காதது போல மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.

பெரியவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தான். பிறகு தோளைப் பிடித்துத் தள்ளினான். ஸ்டூல் ஆடியது.

"விழுந்துடுவாடி," என்று கிசுகிசுத்தார் அவர்.

"விழுந்தா புடிச்சுக்கலாம். சும்மா இருங்க."

சொல்லிவிட்டேனே தவிர, என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் நான். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தடுமாறும்போதெல்லாம் அதை மிதித்து மிதித்து, எங்கே எது ஆடினாலும் என் கால் தானாகவே மிதிக்கும். அதட்டுவதற்கு வாயைத் திறந்தேன். கஷ்டப்பட்டு மூடிக்கொண்டேன்.

இறங்காதேடி என் தங்கமே, இறங்காதே.

தாய் பிள்ளைகளுக்குள் பக்கம் சாயக்கூடாது என்பார்கள். சாய்ந்தேன், அப்பட்டமாகச் சாய்ந்தேன். இன்றும் அவள் இறங்கிப் போய்ச் சுவரோரம் நின்றிருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

அவள் ஒரு காலைக் கீழே வைத்தாள்.

"போச்சு," என்றார் அவர்.

பெரியவன் ஜெயித்த தோரணையில் ஸ்டூலில் கை வைத்தான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். இறக்கிய காலைத் திரும்ப மேலே வைத்தாள். வாயிலிருந்த பேஸ்ட் நுரை மொத்தத்தையும் அவன் முகத்தில் துப்பினாள்.

அவர் என் விரல்களைப் பிடித்து நசுக்கினார். சத்தம் வராமல் வெறுங்காலில் குதிக்கிறார் மனிதர், கிரிக்கெட் பார்க்கும்போதுகூட அப்படிக் குதித்ததில்லை.

பெரியவன் அவள் முடியைப் பிடித்தான். அவள் அவன் காதைப் பிடித்தாள். பிடித்த காதை விடாமல் கத்தினாள். அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் இருப்பது இன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"இது என் ஸ்டூல்! நீ எங்க வீட்டை விட்டுப் போடா!"

முடியிலிருந்து அவன் கை தானாக நழுவியது. கதவை முட்டிக்கொண்டு வந்து என் மேல் விழுந்தான். அழுகை, நுரை, மூக்குச்சளி எல்லாம் என் சட்டையில்.

"அம்மா, என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்றாம்மா!"

வாரி அணைத்துக்கொண்டேன். பாவம், என் பிள்ளை ஆடிப்போயிருந்தான். பிறந்ததிலிருந்து அவனுக்குத் தெரிந்த ஒரே வீடு இது.

அவர் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, கன்னத்து நுரை கரைந்து கழுத்தில் வழிந்தது.

உள்ளே அவள் ஸ்டூலில் நின்றபடி நிதானமாக வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் குழந்தைகள் இல்லத்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றவள். உள்ளே வருவதற்கு முன்னால், இங்கே எத்தனை நாள் இருக்கலாம் என்று கேட்டாள். எப்போதும் இருக்கலாம், இது உன் வீடு என்று நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னோம். சமத்தாகத் தலையாட்டினாள்.

இன்றைக்குத்தான் நம்பியிருக்கிறாள்.